பி.ஆர்க். முடித்த பிறகு லேண்ட்ஸ்கேப் (நிலவெளி வடிவமைப்பு) துறையில் ஆசிரியராக முடியுமா?

கேள்வி:
சென்னையில் 2 வருடமாக ஆர்க்கிடெக்ட் வேலை. நகரச் சூழலியலில் ஆராய்ச்சி செய்து, கல்லூரியில் பாடம் நடத்த ஆசை. எங்கே தொடங்கலாம்?

பதில் 1:
டெல்லியின் எஸ்.பி.ஏ. கட்டடக்கலைக் கல்வி நிறுவனம், அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் இரண்டிலும் லேண்ட்ஸ்கேப்பில் 2 ஆண்டு முதுநிலைப் படிப்பு உண்டு. அப்புறம் பிஎச்.டி.

பதில் 2:
14 வருடமாக இதைக் கற்பிக்கிறேன். விண்ணப்பம் போடும் முன் பள்ளிக்கரணைக்குப் போங்கள், ஐப்பசி மழையில் ஒரு முறை, சித்திரை வெயிலில் ஒரு முறை. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சதுப்புநிலம் அது. தென்சென்னை மழைநீர் அங்கே தேங்கி, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு வந்து, கோவளத்தில் கடலைச் சேர்கிறது. அந்தப் பாதையை நடந்து பார்த்து வரையுங்கள். மண், நீர், செடி, சாலை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிரேசிங் தாள். பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் இயன் மெக்ஹார்க் கற்பித்த முறை இதுதான். என் மாணவர்கள் முதலில் மரம்தான் வரைவார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டால் பேனா நின்றுவிடும். அந்த இடத்தில்தான் பாடமே தொடங்குகிறது.

கேட்டவர்:
நன்றி சார். நான் வேளச்சேரிதான். இந்த ஞாயிறே போகிறேன்.