தொலைவில் உள்ள போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துடன் இயங்க வேண்டிய பில்லிங் மென்பொருள்: எந்தக் கருவியில் எழுதுவது?

வைகைக்கரை:

வணக்கம். மதுரையில் மின்சாதனப் பொருள்களை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் பில்லிங், சரக்கிருப்பு மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். விஷுவல் பேசிக் 6இல் எழுதப்பட்ட அதன் தரவு முழுவதும் ஆக்சஸ் கோப்பில் இருக்கிறது. திண்டுக்கல்லிலும் தேனியிலும் உள்ள கிளைகள் தனித்தனிக் கோப்புகளை வைத்திருந்து, அன்றாடம் மாலையில் எங்களுக்கு அனுப்பும். நாங்கள் அவற்றை ஒன்றாகச் சேர்ப்போம். தம்மிடம் இல்லாத சரக்கு வேறு கிளையில் இருக்கிறதா என்பதைப் பில் போடும்போதே பார்க்க வேண்டும் என முதலாளி விரும்புவதால், எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்துக்குக் கொண்டுவர முடிவு செய்தோம்.

மும்பையில் உள்ள ஒரு தரவு மையத்தில் லினக்ஸ் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, போஸ்ட்கிரெஸை நிறுவி, பழைய மென்பொருளையே ஓடிபிசி (மென்பொருளைத் தரவுத்தளத்துடன் இணைக்கும் பொது இடைமுகம்) வழியாக அதனுடன் இணைத்துப் பார்த்தேன். அலுவலகத்துக்குள் ஒரு கணினியில் போஸ்ட்கிரெஸை வைத்துச் சோதித்தபோது திரைகள் உடனுக்குடன் திறந்தன. அதே தரவு மும்பைக்குப் போனதும், பெரிய பில் ஒன்றைத் திறக்க ஏறத்தாழ அரை நிமிடம் பிடிக்கிறது. அத்துடன், மதிய உணவுக்குப் போய்த் திரும்பியவர்கள் முதல் பொத்தானை அழுத்தியதும் திரை உறைந்து நின்று, நெடுநேரம் கழித்து இணைப்பு அறுந்துவிட்டதாகப் பிழைச்செய்தி வருகிறது.

ஆகவே புதிதாகவே எழுதிவிடலாம் என நினைக்கிறேன். சி ஷார்ப், ஜாவா, பைத்தான், எலக்ட்ரான் ஆகியவற்றில் எது தொலைதூரத் தரவுத்தளத்துக்கு ஏற்றது? மொத்தம் 12 கணினிகள் உள்ளன. கிளைகளில் உள்ள 4 கணினிகளில் இன்னும் விண்டோஸ் 7 தான், 4 ஜிபி நினைவகம்தான். ஊழியர்கள் மவுஸைத் தொடாமல் விசைப்பலகையிலேயே பில் போட்டுப் பழகியவர்கள் என்பதால், பிரவுசரில் இயங்கும் மென்பொருள் வேண்டாம் என்பதில் முதலாளி உறுதியாக இருக்கிறார்.

தரவுத்தச்சன்:

மொழியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். இப்போதைய மென்பொருளின் போக்கை அப்படியே சி ஷார்ப்பிலோ ஜாவாவிலோ மறுபடி எழுதினால், அதே அரை நிமிடம் புதிய மென்பொருளிலும் தொடர்ந்து வரும் எனச் சந்தேகிக்கிறேன்.

போஸ்ட்கிரெஸின் அமைப்புக் கோப்பில் ‘லாக் மின் டியூரேஷன் ஸ்டேட்மென்ட்’ என்ற அளவுருவைச் சுழியமாக வைத்து, அமைப்பை மீண்டும் ஏற்றுங்கள். அதன் பிறகு ஒரே ஒரு பில்லைத் திறந்துவிட்டு, அந்த நேரத்தில் சர்வரின் பதிவேட்டில் எத்தனை வினவல்கள் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகள்) பதிவாகியிருக்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று எண்ணிப் பாருங்கள். கிளையிலிருந்து சர்வருக்குப் பிங் நேரத்தையும், அதாவது ஒரு செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரத்தையும் எழுதுங்கள். சோதனை முடிந்ததும் அளவுருவைப் பழைய நிலைக்கே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பதிவேடு வட்டை நிரப்பிவிடும்.

வைகைக்கரை:

சோதித்துப் பார்த்தேன். ஒரு பில்லைத் திறக்க 700க்கும் சற்று அதிகமான வினவல்கள் போகின்றன. ஏறக்குறைய எல்லாமே 1 மில்லிநொடிக்குள் முடிந்துவிடுகின்றன. தேனியிலிருந்து பிங் நேரம் 38 மில்லிநொடி. சர்வர் இவ்வளவு வேகமாகப் பதில் தருகிறதே, பிறகு தாமதம் எங்கிருந்து வருகிறது?

தரவுத்தச்சன்:

இரண்டு எண்களையும் பெருக்கிப் பாருங்கள். 700 வினவல்கள், ஒவ்வொன்றுக்கும் போய்வர 38 மில்லிநொடி என்றால் 26.6 நொடி ஆகிறது. உங்கள் அரை நிமிடம் அதுதான். அலுவலக வலையமைப்பில் போய்வரும் நேரம் 1 மில்லிநொடிக்கும் குறைவு என்பதால் இந்தக் குறை அங்கே வெளிப்படவில்லை. பில்லில் உள்ள பொருள் ஒவ்வொன்றுக்கும் குடோனுக்குத் தனி நடை போய்வருவது போன்றது இது. குடோன் கடைக்குப் பின்னாலேயே இருந்தவரை யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பில்லின் ஒவ்வொரு வரிக்கும் பொருளின் பெயர், வரி விகிதம், இருப்பு, கடைசி விலை ஆகியவற்றை உங்கள் நிரல் தனித்தனியாகக் கேட்கிறது என ஊகிக்கிறேன். பில் தலைப்புக்கு ஒரு வினவல், எல்லா வரிகளையும் தொடர்புடைய அட்டவணைகளோடு ஜாயின் செய்து (இணைத்து) ஒரே வீச்சில் எடுக்க இன்னொரு வினவல் என மாற்றினால், அந்தத் திரை கால் நொடிக்குள் திறக்கும். பொருள் பட்டியலைத் திரை திறக்கும்போதெல்லாம் மும்பையிலிருந்து இழுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கணினியிலும் எஸ்கியூலைட் (ஒரே கோப்பாக இருக்கும் சிறு தரவுத்தளம்) கோப்பில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, கடைசியாக எடுத்த நேரத்துக்குப் பிறகு மாறிய வரிகளை மட்டும் கேட்டு வாங்கினால் போதும். இருப்பை மட்டும் ஒவ்வொரு முறையும் சர்வரிடமே கேளுங்கள். அதில் பழைய எண்ணைக் காட்டினால் இந்த முயற்சிக்கே பொருளில்லை.

மதிய உணவுச் சிக்கலுக்குக் காரணம் வேறு. பிராட்பேண்ட் ரவுட்டரும் இணைய நிறுவனத்தின் முகவரி மாற்றிகளும், நெடுநேரம் எதுவும் போகாத இணைப்பைத் தங்கள் அட்டவணையிலிருந்து எந்த அறிவிப்பும் இல்லாமல் நீக்கிவிடும். உங்கள் நிரலோ இணைப்பு உயிரோடிருப்பதாக நம்பி வினவலை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது. லினக்ஸில் டிசிபி உயிர்ச்சோதனை (இணைப்பு உயிரோடிருக்கிறதா எனப் பார்க்கும் சிறு செய்தி) தொடங்குவதற்கான இயல்பு இடைவெளி 7200 நொடி, அதாவது 2 மணி நேரம். அவ்வளவு நேரம் எந்த ரவுட்டரும் பொறுத்திருக்காது. போஸ்ட்கிரெஸில் ‘டிசிபி கீப்அலைவ்ஸ் ஐடில்’ அளவுருவை 60 நொடியாகக் குறைத்தால் உடனடி நிவாரணம் கிடைக்கும். புதிய மென்பொருளில், காலையில் திறந்த இணைப்பை மாலைவரை பிடித்துவைத்திருக்கும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள்: வேலை வரும்போது திறந்து, முடிந்ததும் மூட வேண்டும், மறுபயன்பாட்டை இணைப்புத் தொகுப்பு (திறந்த இணைப்புகளைச் சேர்த்துவைத்துத் திரும்பத் தரும் நூலக வசதி) பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் பதிவேட்டில் தேடுங்கள். ஊழியர் பில்லைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் நேரம் முழுவதும் பரிவர்த்தனை (முழுவதும் பதிவாகும் அல்லது முழுவதும் ரத்தாகும் மாற்றங்களின் தொகுதி) திறந்தே இருக்கிறதா? அப்படியானால், அவர் தேநீர் குடிக்கப் போனாலும் அந்தப் பொருளின் இருப்பு வரி பூட்டப்பட்டே இருக்கும். மற்றக் கிளைகள் காத்துக் கிடக்கும்.

பழைய பாஸ்கல்காரர்:

நீங்கள் தந்த பட்டியலில் பாஸ்கல் மொழிக்கான லாசரஸ் இல்லையே! விஷுவல் பேசிக்கிலிருந்து வருபவருக்கு அதன் படிவ வடிவமைப்பான் உடனே பழகிவிடும்; 32 பிட் இயங்குகோப்பு ஒன்றைத் தரும்; விண்டோஸ் 7இலும் குறையின்றி இயங்கும்; நிறுவ வேண்டிய துணைநிரல்கள் எதுவும் இல்லை, போஸ்ட்கிரெஸின் இணைப்பு நூலகத்தையும் அது சார்ந்த நூலகங்களையும் இயங்குகோப்பின் பக்கத்தில் வைத்தால் போதும். நினைவகம் குறைந்த கணினிகளுக்கு இதைவிட இலகுவான வழி எனக்குத் தெரிந்தவரை இல்லை.

இரண்டாம்மாடி:

லாசரஸ் நல்ல கருவிதான். ஆனால் நாளை வைகைக்கரை வேறு வேலைக்குப் போனால், அந்த நிரலைத் தொட்டுத் திருத்த மதுரையில் எத்தனை பேர் கிடைப்பார்கள் என்பதையும் முதலாளி கேட்பார். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் சி ஷார்ப்பையும், அதில் விண்டோஸ் திரைகளை அமைக்கும் வின்ஃபார்ம்ஸையும் பரிந்துரைப்பேன். விசைப்பலகையிலேயே ஓடும் அடர்த்தியான தரவுள்ளீட்டுத் திரைகளுக்கு, பழையது எனப் பலர் ஒதுக்கும் வின்ஃபார்ம்ஸ் இன்றும் மிகப் பொருத்தமாக இருக்கிறது.

உண்மையில் உங்கள் தேர்வை முடிவு செய்வது அந்த 4 விண்டோஸ் 7 கணினிகள்தான். எலக்ட்ரான் 2023இல் வந்த 23ஆம் பதிப்போடு விண்டோஸ் 7ஐக் கைவிட்டுவிட்டது, பைத்தானில் 3.8க்கு மேற்பட்ட பதிப்புகள் அதில் நிறுவப்படாது. திரைகளை அமைக்க உதவும் கியூட் 6க்கு விண்டோஸ் 10 வேண்டும். சி ஷார்ப் நிரல்களை இயக்கும் டாட்நெட் 8க்கும் அப்படியே. அந்தக் கணினிகளை வைத்துக்கொள்வதென்றால் டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8 ஒன்றே சி ஷார்ப்புக்கு உள்ள நடைமுறை வழி. அப்போது போஸ்ட்கிரெஸுக்கான என்பிஜிஎஸ்கியூஎல் நூலகத்தில் 8ஆம் பதிப்புக்கு மேல் போக முடியாது. 4 கணினிகளை மாற்றும் செலவையும், பழைய பதிப்புகளில் முடங்கிக் கிடப்பதால் வரும் தொல்லையையும் முதலாளியின் முன் வைத்தால், அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுப் பயனர்களுக்கு 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டன. வணிகத் தரவு ஓடும் கணினிக்கு அது ஒன்றே போதிய காரணம்.

ஜாவாவை விலக்கச் சொல்லமாட்டேன். அதில் அனுபவமுள்ளவர் கையில் அதுவும் நன்றாகவே நடக்கும்.

ஆனால் இதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அந்த மும்பை சர்வரில் போஸ்ட்கிரெஸின் 5432 துறை (போர்ட், அதாவது இணைப்புகள் நுழையும் வாயில்) உலகம் முழுவதற்கும் திறந்திருக்கிறதா?

வைகைக்கரை:

ஆம், திறந்துதான் இருக்கிறது. கிளைகளின் இணைய முகவரிகள் அடிக்கடி மாறுவதால், குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் அனுமதிக்க முடியவில்லை. கடவுச்சொல் நீளமானது, மென்பொருளின் அமைப்புக் கோப்பில் அதை மறைகுறியாக்கி வைத்திருக்கிறேன்.

இரண்டாம்மாடி:

உடனே மூடுங்கள். திறந்த தரவுத்தளத் துறைகளைத் தேடி, கடவுச்சொற்களை ஊகித்துப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக இணையத்தில் அலைகின்றன. உங்கள் பதிவேட்டிலேயே தோல்வியுற்ற நுழைவு முயற்சிகள் வரிசையாகத் தெரியும். மறைகுறியாக்கிய கடவுச்சொல்லும் காப்பாற்றாது, ஏனெனில் அதைத் திறக்கும் சாவியும் அதே இயங்குகோப்புக்குள்தான் இருந்தாக வேண்டும். டாட்நெட் இயங்குகோப்பை ஐஎல்ஸ்பை போன்ற இலவசக் கருவியில் திறந்தால் மூலநிரல் ஏறத்தாழ அப்படியே தெரியும்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கிளைகளுக்கும் சர்வருக்கும் இடையே வயர்கார்டு (மறைகுறியாக்கிய தனி இணைப்பு தரும் விபிஎன் மென்பொருள்) சுரங்கம் அமைத்து, போஸ்ட்கிரெஸை அந்தச் சுரங்கத்தின் உள்முகவரியில் மட்டும் கேட்க வைப்பது. கிளையின் பொது முகவரி எத்தனை முறை மாறினாலும் வயர்கார்டுக்குக் கவலையில்லை, ஏனெனில் அது எதிர்முனையைத் திறவுகோலைக் கொண்டே அடையாளம் காண்கிறது. வசதியுள்ள ரவுட்டரிலேயே அதை அமைத்துவிட்டால் ஒவ்வொரு கணினியிலும் நிறுவ வேண்டியதில்லை. மற்றொன்று, தரவுத்தளத்துக்கு முன்னால் ஒரு ஏபிஐ அடுக்கை (கோரிக்கைகளை வாங்கிச் சரிபார்த்துத் தரவுத்தளத்துக்கு அனுப்பும் இடைநிலை நிரல்) வைத்து, டெஸ்க்டாப் மென்பொருள் அதனுடன் மட்டும் பேசுமாறு செய்வது. நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். விலை மாற்றும் உரிமை யாருக்கு, இருப்பு எப்போது குறைய வேண்டும் என்பன போன்ற விதிகள் 12 கணினிகளிலும் சிதறாமல் ஒரே இடத்தில் இருக்கும். அட்டவணையில் ஒரு பத்தியை மாற்றினாலும் எல்லாக் கணினிகளிலும் ஒரே நாளில் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டிய கட்டாயம் வராது.

தரவுத்தச்சன்:

பொதுவாக இரண்டாம்மாடி சொல்வதை ஏற்கிறேன், ஆனால் இங்கே வேறுபடுகிறேன். தனி ஆளாகப் பராமரிப்பவருக்கு ஏபிஐ அடுக்கு என்பது எழுதவும் கண்காணிக்கவும் வேண்டிய இரண்டாவது மென்பொருள். 12 கணினிகளும் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கின்றன. வயர்கார்டு, ஊழியருக்கு ஒரு தரவுத்தளப் பயனர் கணக்கு, பில் சேமிப்பதற்குச் சர்வரிலேயே ஒரு செயல்கூறு ஆகிய மூன்றும் இருந்தால் நேரடி இணைப்பே போதும். அந்தச் செயல்கூறு பில்லின் எல்லா வரிகளையும் ஒரே அழைப்பில் பெற்று, இருப்பைக் குறைத்து, ஒரே பரிவர்த்தனையில் முடித்துவிடும். நீங்கள் சொன்ன விதிகளும் அங்கேயே அடங்கும். ஊருக்கு ஊர் அலையும் விற்பனைப் பிரதிநிதிகளுக்குக் கைப்பேசிச் செயலி வேண்டும் என்று நாளை முதலாளி கேட்டால், அப்போது ஏபிஐ எழுதிக்கொள்ளலாம்.

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. வயர்கார்டோடு நேரடி இணைப்பு, சி ஷார்ப், வின்ஃபார்ம்ஸ் என்று தொடங்குகிறேன். 4 கணினிகளையும் மாற்ற முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. தேனியில் இணையம் அவ்வப்போது நின்றுவிடும்; அப்போது பில் போடுவதை நிறுத்த முடியாது. எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதால், இணையமில்லாமல் எண்ணை எப்படி வழங்குவது? அடுத்தது, வாடிக்கையாளர் பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன.

தரவுத்தச்சன்:

எண் சிக்கலைச் சட்டமே தீர்த்து வைத்திருக்கிறது. மத்திய சரக்கு மற்றும் சேவை வரி விதிகளில் 46ஆம் விதி, பில் எண் 16 எழுத்துகளுக்கு மேற்படாமலும், ஒரு நிதியாண்டுக்குள் மீண்டும் வராமலும், தொடர்ச்சியாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை அது அனுமதிக்கிறது. ஆகவே தேனிக்கு ஒரு முன்னொட்டு, திண்டுக்கல்லுக்கு ஒரு முன்னொட்டு எனத் தனி வரிசைகள் வையுங்கள். கிளைக்குள் பல கணினிகள் பில் போட்டால், இணையம் நிற்கும் நேரத்தில் ஒரே ஒரு கணினி மட்டும் தனக்கென ஒதுக்கிய தனி வரிசையில் போடட்டும். அந்தப் பில்கள் எஸ்கியூலைட்டில் காத்திருந்து, இணைப்பு வந்ததும் மேலே போகும்.

இங்கே ஒரு பொறி உண்டு. சேமிக்கும் நொடியில் இணைப்பு அறுந்தால், பில் சர்வரில் பதிவாகிவிட்டதா இல்லையா என்பதைக் கணினியால் அறிய முடியாது. மறுபடி அனுப்பினால் இரட்டைப் பதிவாகலாம். ஒவ்வொரு பில்லுக்கும் கணினியிலேயே ஒரு யூயூஐடியை (வேறெங்கும் வராத நீண்ட அடையாள எண்) உருவாக்கி, சர்வரில் அதற்குத் தனித்துவக் கட்டுப்பாடு வைத்து, ஏற்கெனவே இருந்தால் எதுவும் செய்யாமல் விடுமாறு எழுதுங்கள். அதன் பிறகு எத்தனை முறை அனுப்பினாலும் ஒரே பில்தான் இருக்கும்.

பழைய பாஸ்கல்காரர்:

பாமினி பற்றி நான் சொல்கிறேன். அந்தத் தரவு உண்மையில் ஆங்கில எழுத்துகளாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. மாற்றும்போது எழுத்துக்கு எழுத்து என்று பதிலிட்டால் போதாது. பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும், யூனிகோடிலோ அது மெய்க்குப் பின்னால் வர வேண்டும். ஒகர வரிசையில் (கொ, கோ) கொம்பும் காலும் பிரிந்து கிடக்கும், அவற்றை ஒன்றாக்க வேண்டும். இதைவிடக் கடினமானது, ஒரே பத்தியில் சில பெயர்கள் பாமினியிலும் சில உண்மையான ஆங்கிலத்திலும் இருப்பது. அவற்றைத் தானாகப் பிரிக்க நம்பகமான வழியில்லை. ஐயத்துக்குரிய வரிகளை மட்டும் தனிப் பட்டியலாக எடுத்து, வாடிக்கையாளர்களை அறிந்த ஊழியர் ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் செய்யுங்கள்.

மாற்றிய பின் பெயர்ப் பத்திக்கு ஐசியூ என்ற யூனிகோடு நூலகத்தின் தமிழ் வரிசைமுறையைக் கொடுங்கள். வெறும் குறியெண் வரிசையில் விட்டால் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும் வந்துவிடும். அகரவரிசையில் பெயர் தேடிப் பழகிய ஊழியர்கள் முதல் நாளே முறையிடுவார்கள்.

வைகைக்கரை:

பொருள் பெயர்களில் அந்தக் கலவை நிறையவே இருக்கிறது, பட்டியல் எடுத்துவிடுகிறேன். 5432 துறையை நேற்றே மூடிவிட்டேன். திண்டுக்கல் ரவுட்டரில் வயர்கார்டு இருக்கிறது. தேனியில் இல்லை, புதிது வாங்க வேண்டும். எந்தத் தேதியில் மாறுவது நல்லது?

இரண்டாம்மாடி:

ஏப்ரல் 1. பில் வரிசைகள் அன்று எப்படியும் புதிதாகத் தொடங்கும். மார்ச் இறுதியில் எடுக்கும் சரக்குக் கணக்கையே தொடக்க இருப்பாக ஏற்றிக்கொள்ளலாம். பழைய ஆண்டுகளின் ஆக்சஸ் கோப்புகளைப் படிக்க மட்டும் முடியுமாறு ஒரு கணினியில் விட்டுவைத்தால், பழைய பில்களை மாற்றும் வேலையே உங்களுக்கு இருக்காது. வாடிக்கையாளர்வாரி நிலுவைத் தொகைகளை மட்டும் கொண்டுவந்தால் போதும். அதற்கு முன், இணையம் சீராக உள்ள திண்டுக்கல்லை விட்டுவிட்டுத் தேனியில் வைத்துச் சோதியுங்கள். அங்கே ரவுட்டரின் கம்பியைப் பில்லின் நடுவில் பிடுங்கிப் பாருங்கள்.