புதுப்பிப்பு: வேலியோரக் களா காய்த்துவிட்டது

பறவைகளுக்காக வேலியோரம் என்ன செடி வைக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் களா என்றீர்கள். விதையை உலரவிடாமல் பழத்திலிருந்து எடுத்த கையோடு ஊன்றச் சொன்னவருக்குத் தனி நன்றி, நன்றாக முளைத்தது.

இந்தக் கோடையில் கொத்துக்கொத்தாக வெள்ளைப் பூ. இப்போது காய் இளஞ்சிவப்பிலிருந்து கறுத்து வருகிறது. காம்பைக் கிள்ளினால் பால் விரலில் பிசுபிசுக்கிறது. கொண்டைக்குருவிகள் கனிந்து கறுத்ததை மட்டுமே கொத்துகின்றன. கீழ்க்கிளைக் காய்களை மட்டும் ஊறுகாய்க்குப் பறித்தோம், மேலே உள்ளவை அவற்றுக்குத்தான்.

இலையைத் தின்னும் தடித்த பச்சைப் புழுவுக்குத் தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண்கள் மாதிரி புள்ளி இருந்தால், தயவுசெய்து மருந்தடிக்காதீர்கள். அரளியிலும் வளரும் பெரிய பச்சை அந்துப்பூச்சியின் புழு அது. செடி தாங்கிக்கொள்ளும்.

புதிதாக நடுகிறவர்கள் நல்ல வெயிலில், தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து வையுங்கள். விதைக்கன்று காய்க்க 3 வருடமாவது ஆகும்.