ஜனவரி நிழலை நம்பி வரைந்த திண்ணை: மாணவர்களும் குடியிருப்போரும் சேர்ந்து பொது இடத்தைச் சீரமைத்த அனுபவங்கள்

முன்னாள் கட்டடக்கலை மாணவி, சென்னை

நான்காம் ஆண்டு படித்தபோது, பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, வடசென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் இரு கட்டடங்களுக்கு நடுவே பாழடைந்து கிடந்த இடத்தை அங்கு வசிப்பவர்களோடு சேர்ந்து சீரமைக்க எங்கள் வகுப்பிலிருந்து பன்னிரண்டு பேர் சென்றோம். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, மணிக்கு ஒரு முறை நிழலின் விளிம்பைச் சுண்ணக்கட்டியால் தரையில் கோடிட்டோம். மூன்று மாடி கொண்ட தெற்குக் கட்டடத்தின் நிழல் நண்பகலிலும் ஏறத்தாழ எட்டு மீட்டர் தூரம் வடக்கே விழுந்திருந்தது. முதியோர் உட்காரும் திண்ணையை அதன் வடசுவரை ஒட்டி அமைப்பது என்று முடிவு செய்து, வரைபடத்தையும் முடித்துவிட்டோம்.

வரைபடத்தைத் தரையில் விரித்துக் காட்டிய மாலையில், இரண்டாம் மாடியில் இருந்த ஆயா ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "பாப்பா, நெழல்னு நீ கோடு போட்டிருக்கியே, அங்கதான் நான் வருசா வருசம் சித்திரையில கூழ் வடகம் காயப் போடுறேன்" என்றார்.

அவர் சொன்னதே சரி. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகலில் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. கத்திரி வெயிலில் அந்தக் கட்டடத்தின் உச்சிவேளை நிழல் இரண்டு மீட்டர்கூடத் தேறாது. அதுவும் தெற்கே விழும். நாங்கள் திண்ணைக்குத் தேர்ந்த வடசுவரோ அந்த மாதங்களில் நாள் முழுவதும் வெயில் வாங்கும். இதைப் பாடமாகப் படித்துத் தேர்வும் எழுதியிருந்தோம். ஆனாலும் அந்தத் தரையில் நின்றபோது எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பருவத்தேர்வு முடிந்தபின் மே மாதத்தில் எட்டுப் பேர் மீண்டும் போனோம். ஒரு வாரம் அவரவர் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியைக் கீழே போட்டு, விருப்பப்பட்ட இடத்தில் உட்காரும்படி கேட்டுக்கொண்டு, நாற்காலிகள் எந்த மணிக்கு எங்கே நகர்கின்றன என்று குறித்துக்கொண்டோம். பகல் முழுவதும் அவை கிழக்கு ஓரத்து வேப்பமரத்தைச் சுற்றியே நகர்ந்தன. குப்பைத்தொட்டிக்கு அருகில் இருக்கிறதென்று நாங்கள் ஒதுக்கிய மரம் அது. தொட்டியை இடம் மாற்றி, வேருக்குத் தண்ணீர் இறங்க மண்ணை அகலமாக விட்டு, மரத்தைச் சுற்றித் திண்ணை கட்டினோம். உயரம் எவ்வளவு வேண்டும் என்று செங்கல் அடுக்கி உட்கார்ந்து பார்த்துச் சொன்னவரும் அந்த ஆயாதான். முழங்கால் வலி உள்ளவர் எழுந்திருக்க, நாங்கள் வரைந்ததைவிட ஒரு செங்கல் உயரம் கூடுதலாகத் தேவைப்பட்டது.

குடியிருப்பவர், வியாசர்பாடி

எங்கள் இடத்துக்கு வந்த மாணவர்கள் முற்றத்தின் நடுவே வட்டமான சிமெண்ட் மேசையும் பூப்பாத்தியும் வரைந்திருந்தார்கள். பார்க்க அழகாக இருந்ததால் எல்லோரும் தலையாட்டினோம். கடைசியாகப் பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, சாவு விழுந்தா ஐஸ் பெட்டிய எங்க வைக்கிறது?" என்று கேட்டார்.

எங்கள் வீடுகளில் ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான் உண்டு. மாடிப்படித் திருப்பத்தில் அந்தப் பெட்டியைத் திருப்ப முடியாது. அதனால் சாமியானா போட்டு, கீழே முற்றத்தில் வைத்துத்தான் எங்கள் பெற்றோரை வழியனுப்பியிருக்கிறோம். இதை வெளியாரிடம் நாங்களாகவே எடுத்துச் சொல்லியிருக்க மாட்டோம். அக்காவின் கேள்வியைக் காதில் வாங்கிய அந்த மாணவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு குறிப்பேட்டைத் திறந்து, பெண்கள் எந்தப் பக்கம் உட்காருவார்கள், மேளக்காரர்கள் எங்கே நிற்பார்கள், தூக்கும்போது எந்த வழியாக வெளியேறுவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மறுநாள் வாடகைக்கு விடும் கடைக்கே போய்ப் பெட்டியை அளந்து வந்தார் என்பதை நான் இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன்.

நடுப்பகுதி வெறுமையாகவே விடப்பட்டது. பந்தல் கால் நட, தரையோடு தரையாக இரும்புக் குழாய்த் துண்டுகளைப் பதித்து மூடி போட்டார்கள். ஆடியில் கூழ் ஊற்றும் பந்தலுக்கும், பிள்ளைகளின் பந்து வலைக்கும் அதே குழாய்கள்தான் பயன்படுகின்றன.

கட்டடக்கலை ஆசிரியர், திருச்சி

இரண்டு பகிர்வுகளையும் என் மாணவர்களுக்குப் படித்துக் காட்டினேன். டச்சுக் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 1947 முதல் ஆம்ஸ்டர்டாமில் அமைத்த 700-க்கும் மேற்பட்ட விளையாட்டுத் திடல்களை வகுப்பில் நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன். ஒரு திடலைப் பார்த்த மக்கள் எங்கள் பகுதிக்கும் வேண்டும் என்று மாநகராட்சிக்குக் கடிதம் எழுதியதால் பெருகியவை அவை. ஆனாலும் அங்கே கோரிக்கைதான் மக்களுடையது, வடிவம் கட்டடக் கலைஞருடையது. ஐஸ் பெட்டியைப் பற்றிய கேள்வி வடிவத்தையே மாற்றியிருக்கிறது. அதை நான் மேலானதாகக் கருதுகிறேன்.

என் கவலை வேறு. இந்தப் பணிக்கான எங்கள் கல்விப் பருவம் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. தாங்கள் அமைத்த இடத்தில் ஐப்பசி மழை பெய்வதை மாணவர்கள் பார்ப்பதேயில்லை. தமிழகத்தில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. குழி தோண்டிக் கூழாங்கல்லும் மணலும் நிரப்புவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள்; மேல்மணலில் வண்டல் படிந்து இறுகிவிட்டால் தண்ணீர் இறங்காமல் முற்றத்திலேயே தேங்கும். நாங்கள் அமைத்த ஒன்றிலும் முதல் மழையிலேயே அப்படித்தான் தேங்கியது. குடியிருந்தவர்கள் அழைத்துச் சொன்ன பிறகே எனக்குத் தெரிந்தது. இப்போது புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படித்து முடித்தவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன். வீட்டுக்கு ஒருவர் இறங்கி வருகிறார்கள். சென்ற முறை மூடியைத் திறந்து பதினொரு சாந்துச்சட்டி வண்டலை அள்ளினோம். அதை அங்கிருந்த பெண்கள் செம்பருத்திச் செடிகளின் அடியில் கொட்டிக்கொண்டார்கள்.