5 லட்சத்துக்குள் புதிய சிறிய கார் வாங்கலாமா, பழைய பெரிய காரே மேலா? – ஆலோசனை தேவை

கேள்வி (ஒட்டன்சத்திரம் அருகிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இதுவரை கார் இருந்ததில்லை. நான், மனைவி, 9 மற்றும் 5 வயதுக் குழந்தைகள் இருவர், மூட்டுத் தேய்மானத்தால் அவதிப்படும் என் தாயார் என ஐந்து பேர். தாயாரை மாதம் இரண்டு முறை மதுரைக்கு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. போக வர ஏறக்குறைய 200 கிலோமீட்டர். வாடகைக் காருக்கு ஒவ்வொரு முறையும் பேட்டாவுடன் 3,200 ரூபாய் கொடுக்கிறேன். உள்ளூர் ஓட்டத்தையும் சேர்த்தால் மாதம் 600 கிலோமீட்டர் வரும்.

கையில் 2.5 லட்சம் இருக்கிறது; 3 லட்சம் கடன் வாங்க முடியும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காடாகக் குறைந்த பிறகு விலை இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த ஆசையே வந்தது. ஆல்ட்டோ கே10 காரின் விஎக்ஸ்ஐ வகைக்கு ஒரு ஷோரூமில் கொட்டேஷன் வாங்கினேன். விளம்பரத்தில் கண்ட விலையிலிருந்து அது ஒரு லட்சத்துக்கு மேல் தள்ளி நிற்கிறது: ஷோரூம் விலை 4,49,900, சாலை வரி 53,988, காப்பீடு 24,600, பதிவு, எண் தகடு, ஃபாஸ்டேக் 3,200, கையாளுகைக் கட்டணம் 6,500, அக்சசரீஸ் 14,900, மொத்தம் 5,53,088.

இவ்வளவு கொடுத்து மிகச் சிறிய காரை வாங்குவதற்கு, 2018-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் ஒன்று 62,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் 4.6 லட்சத்துக்குக் கிடைக்கிறதே, அதையே வாங்கிவிடலாம் என்கிறார் மைத்துனர். பெரிய வண்டி, பாதுகாப்பான வண்டி என்பது அவர் வாதம். இரண்டில் எது சரி என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (மதுரை, சிறிய காரைப் பதினோரு ஆண்டுகளாக ஓட்டுபவர்)

நண்பரே, நான் 2014-இல் வாங்கிய ஆல்ட்டோ 800 இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. எண்பதாயிரம் கிலோமீட்டரில் ஒரு முறை கிளட்ச் மாற்றினேன், இரண்டு முறை பேட்டரி மாற்றினேன், டயர் ஒரு செட் மாற்றினேன். எஞ்சினில் கை வைக்கவே இல்லை. உதிரிப்பாகம் தாலுகா ஊரிலும் கிடைக்கிறது, அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைக்கிறார் என்பதுதான் இந்த வகைக் கார்களின் உண்மையான மலிவு. விலைப்பட்டியலில் அது தெரியாது.

ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புதிய மலிவான காரை மூன்று, நான்கு ஆண்டுகளில் விற்கும் எண்ணம் இருந்தால் வாங்காதீர்கள். காப்பீட்டுக் கணக்கின்படியே முதல் ஆண்டு முடியும்போது காரின் மதிப்பில் 15 விழுக்காடும், மூன்றாம் ஆண்டு முடியும்போது 30 விழுக்காடும், ஐந்தாம் ஆண்டு முடியும்போது பாதியும் கழிக்கப்படுகிறது. சாலை வரிக்கும் காப்பீட்டுக்கும் கொடுத்த பணம் இந்தக் கணக்கிலேயே வராது. அது ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே போய்விட்டது. எட்டு, பத்து ஆண்டுகள் வைத்திருந்தால்தான் புதிய கார் கொடுத்த பணத்துக்கு உழைக்கும்.

மறுமொழி 2 (கோவை, பழைய கார் வாங்கி அனுபவப்பட்டவர்)

மைத்துனரின் வாதத்தில் பாதிதான் உண்மை. பழைய காரில் நான் பட்டதைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரியிடம் 2016 மாடல் ஹேட்ச்பேக் ஒன்றைப் பார்த்தபோது மீட்டர் 48,000 காட்டியது. உட்புறம் பளபளவென்றிருந்ததால் வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை. வாங்கி ஒரு மாதம் கழித்து, மழைநாளில் பிரேக் மிதியில் கால் வழுக்கியபோதுதான் குனிந்து பார்த்தேன்: மிதியின் ரப்பரில் இருந்திருக்க வேண்டிய வரிகள் முழுவதும் தேய்ந்து, சோப்புக்கட்டியைப்போல வழவழப்பாக இருந்தது. 48,000 கிலோமீட்டரில் ஒரு மிதி அப்படித் தேயாது. பதிவு எண்ணைக் கொண்டுபோய்க் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கேட்டபோது, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே 91,000 கிலோமீட்டரில் சர்வீஸ் செய்த பதிவு இருந்தது. அடுத்த ஓராண்டில் கிளட்ச், சஸ்பென்ஷன், ரேடியேட்டர் என்று 70,000 ரூபாய் செலவானது.

ஆகவே, அந்த ஸ்விஃப்ட்டைப் பார்க்கப் போனால் முதலில் சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள், மீட்டரை நம்பாதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருந்தால், எவ்வளவு கழுவியிருந்தாலும், எப்போதும் சுருண்டே கிடக்கும் அந்தக் கடைசி ஒரு அடிப் பட்டையில் சேற்றின் பழுப்புக் கோடு நிற்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். 2015, 2023 டிசம்பர் மாதங்களில் சென்னையில் மூழ்கிய வண்டிகள் பிறகு எந்தெந்த ஊரில் விலைபோயின என்று யாராலும் சொல்ல முடியாது. ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருந்தால், கடன் முடிந்ததைக் காட்டும் வங்கியின் ஃபார்ம் 35-உம் தடையின்மைச் சான்றும் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று, இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான கார்களின் ரப்பர் குழாய்களும் சீல்களும் அதற்கு ஏற்றவை. 2018 வண்டிக்கு அந்த உறுதி கிடையாது. மைலேஜும் சற்றுக் குறையும்.

மறுமொழி 3 (திண்டுக்கல்)

நான் இரண்டுமே வேண்டாம் என்கிற கட்சி. 3 லட்சம் கடனுக்கு 9.5 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுத் தவணை மாதம் 6,300 ரூபாய் வரும். மாதம் இரண்டு மதுரைப் பயணத்துக்கு நீங்கள் இப்போது கொடுப்பது 6,400. தவணையே வாடகைக்குச் சமம் என்றால், பெட்ரோலும் காப்பீடும் சர்வீஸும் அதற்கு மேல்தான்.

முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 5.4 லட்சத்துக்கு வாங்கி எட்டாண்டு கழித்து 2 லட்சத்துக்கு விற்றால் ஆண்டுத் தேய்மானம் 42,500. ஆண்டுக்கு 7,200 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்று வைத்தால் பெட்ரோல் ஏறக்குறைய 40,000. காப்பீடும் சர்வீஸும் 17,000. கடன் வட்டி 78,000-ஐ எட்டாண்டுக்குப் பிரித்தால் ஏறக்குறைய 9,750. ஆக, கிலோமீட்டருக்கு 15 ரூபாயைத் தாண்டுகிறது. வாடகைக் கார் 14 ரூபாயும் பேட்டாவும்தான்; ஓட்டும் களைப்பும் இல்லை.

கேட்டவர்

கணக்கை மறுக்கவில்லை, ஐயா. ஆனால் எங்கள் ஊரில் இரவு பத்து மணிக்கு மேல் வாடகைக் கார் வராது. சென்ற கார்த்திகையில் இளையவனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தபோது, பக்கத்து வீட்டுச் சரக்கு வேனின் முன்னிருக்கையில் அவனை மடியில் வைத்துக்கொண்டு போனோம். அந்த ஒரு இரவைக் கிலோமீட்டர் கணக்கில் எங்கே சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கார் வாங்குவது முடிவாகிவிட்டது. எது என்பதுதான் கேள்வி.

மறுமொழி 3

அப்படியானால் என் கணக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வாங்குங்கள்.

மறுமொழி 4 (சென்னை, வாகன உதிரிப்பாகத் தொழிலில் இருப்பவர்)

பாதுகாப்பைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையென்பதால் எழுதுகிறேன். கார்களை மோதவிட்டுப் பார்த்துப் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வரை தரும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் 2023-இல் ஆல்ட்டோ கே10 பெரியவர்களுக்கு இரண்டு நட்சத்திரமும் குழந்தைகளுக்குப் பூஜ்யமும் பெற்றது. அதே சுற்றில் வேகன் ஆர் பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்குப் பூஜ்யம். சோதிக்கப்பட்டவை இரண்டு ஏர்பேக் கொண்டவை. 2025 முதல் இரண்டிலும் எல்லா வகைகளிலும் ஆறு ஏர்பேக் வருகின்றன. ஏர்பேக்கின் எண்ணிக்கை கூடியதால் காரின் உடற்கூடு மாறிவிட்டது என்று பொருளல்ல. இருந்தாலும் இது முன்னேற்றம்தான்.

மைத்துனர் சொல்லும் ஸ்விஃப்ட் 2018-இல் அதே அமைப்பின் சோதனையில் வாங்கியதும் இரண்டு நட்சத்திரம்தான். வண்டி பெரியதாக இருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. உங்கள் விலையில் நல்ல மதிப்பெண் பெற்ற கார் டாட்டா டியாகோ: 2020-இல் பெரியவர்களுக்கு நான்கு, குழந்தைகளுக்கு மூன்று. 2025 வரி குறைப்புக்குப் பின் அதன் தொடக்க விலை 4.6 லட்சத்துக்குள் இறங்கியது. ஒரு முறை ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

எதை வாங்கினாலும் இளையவருக்குக் குழந்தை இருக்கை ஒன்று வாங்குங்கள். அக்சசரீஸ் என்று எழுதியிருக்கும் 14,900 ரூபாயில் அது வந்துவிடும். நம் ஊரில் காருக்குச் சீட் கவர் போடாத வீடு இல்லை, குழந்தை இருக்கை போட்ட வீடு நூற்றில் ஒன்றுகூடத் தேறாது.

மறுமொழி 1

கொட்டேஷனைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். கையாளுகைக் கட்டணம் என்ற வரியை அடிக்கச் சொல்லுங்கள். அது எந்தச் சட்டத்தின் கீழும் நீங்கள் கட்ட வேண்டியதல்ல. அக்சசரீஸ் வேண்டாம் என்று எழுதிக்கொடுங்கள். காப்பீட்டை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 1,000 சிசி-க்கு உட்பட்ட காருக்கான மூன்றாண்டு மூன்றாம் நபர்க் காப்பீடு 2022-இல் அறிவித்த கட்டணப்படி, வரி நீங்கலாக, எங்கு எடுத்தாலும் 6,521 ரூபாய்தான்; சொந்தச் சேதத்துக்கான பகுதிதான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தரும் ஜீரோ டெப்ரிசியேஷனை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் உடைந்த பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதிப் பணம் உங்கள் கையிலிருந்து போகும். சிறிய காரில் அடிபடுவது பெரும்பாலும் பம்பர்தான்.

சாலை வரியில் ஒரு நுணுக்கம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சம் வரையிலான காருக்கு 12 விழுக்காடு, அதைத் தாண்டிப் 10 லட்சம் வரை 13 விழுக்காடு. அந்த எல்லையை ஒட்டி இரண்டு வகைகளுக்கு நடுவில் தயங்கினால் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேட்டவர்

நேற்று எல்லோரையும் அழைத்துக்கொண்டு மூன்று ஷோரூம்களுக்குப் போய் வந்தேன். நான் எதிர்பார்க்காத இடத்தில் முடிவு வந்தது. ஆல்ட்டோவில் தாயாரால் உட்கார முடியவில்லை. இருக்கை தாழ்வாக இருப்பதால் முழங்காலை முழுவதும் மடக்க வேண்டியிருந்தது. பாதி உட்கார்ந்த நிலையில் கதவின் மேல்விளிம்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டார், நானும் விற்பனையாளரும் கைகொடுத்துத்தான் எழுப்பினோம். டியாகோ ஓட்டுவதற்குத் திடமாக இருந்தது, கதவு மூடும் சத்தமே வேறு. எனக்கு மனம் அதில்தான் நின்றது. அதிலும் அவருக்குச் சிரமந்தான், இறங்க இரண்டு முறை முயன்றார். வேகன் ஆரில் நாற்காலியில் அமர்வதைப்போலப் பக்கவாட்டில் உட்கார்ந்து, காலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். மாதம் இரண்டு முறை நூறு கிலோமீட்டர் போகிறவர் அவர்.

அங்கே கொடுத்த பட்டியலில் வேகன் ஆரின் எல்எக்ஸ்ஐ வகை 4,98,900. 12 விழுக்காடு வரி 59,868, வெளியில் விசாரித்த காப்பீடு 21,300, பதிவு முதலியவை 3,200 சேர்த்து 5,83,268 வருகிறது. கையாளுகைக் கட்டணத்தை நீக்க முதலில் மறுத்து, பிறகு மேலாளரிடம் கேட்டு எடுத்துவிட்டார்கள். கடனை 3.35 லட்சமாக உயர்த்தினால் தவணை 7,036. இரண்டு மதுரைப் பயண வாடகையைவிட அறுநூறு சொச்சம் அதிகம். பெட்ரோல் செலவு தனி.

நட்சத்திரக் கணக்கில் மூன்றிலும் பின்தங்கிய காரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்பது உறுத்துகிறது. நான்கு வழிச்சாலையில் எண்பதைத் தாண்டுவதில்லை, பின்னிருக்கையிலும் பெல்ட் இல்லாமல் வண்டி நகர்வதில்லை, இளையவனுக்குத் தனி இருக்கை என்று வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறோம். இதில் வேறு ஏதேனும் கவனிக்க வேண்டியிருந்தால் சொல்லுங்கள்.

மறுமொழி 4

உங்கள் நிலையில் நானும் அதையேதான் எடுத்திருப்பேன். தாயார் முன்னிருக்கையிலும் குழந்தைகள் மனைவியுடன் பின்னிருக்கையிலும் இருக்கட்டும். இளையவரை யாரும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம், தூங்கினாலும்.

மறுமொழி 2

பணம் முழுவதையும் கட்டுவதற்கு முன், பதிவுக்கு அனுப்புவதற்கும் முன், உங்களுக்கு ஒதுக்கிய வண்டியை யார்டில் நேரில் பாருங்கள். பதிவு எண் விழுந்த பிறகு குறை சொன்னால் மாற்றித் தர மாட்டார்கள். விற்பனைச் சான்றான ஃபார்ம் 21-இல் உற்பத்தி மாதமும் ஆண்டும் இருக்கும். ஆண்டுக் கடைசியில் தயாராகி வெயிலில் மாதக்கணக்கில் நின்ற வண்டியை அடுத்த ஆண்டு தள்ளிவிடுவது வழக்கம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஸ்டெப்னி உட்பட ஐந்திலும் பாருங்கள். கதவு ஓரங்களில் பெயிண்ட் நிறம் ஒன்றுபோல இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள், ஷோரூம் விளக்கில் வேண்டாம்.

கேட்டவர்

நன்றி. வண்டி வெள்ளிக்கிழமை யார்டுக்கு வருகிறதாம். காலையிலேயே போய்விடுகிறேன், அம்மாவும் வருவேன் என்கிறார்.