மடக்கு சைக்கிளில் மதிய உணவும் குளிர்பானமும்: எங்கே வைப்பது, எப்படிக் குளிர்ச்சியாகக் கொண்டுபோவது?

கேள்வி: உட்லண்ட்ஸ்வாசி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 20 அங்குலச் சக்கரம் கொண்ட மடக்கு சைக்கிள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் ஏறி, பேஷோர் நிலையத்தில் இறங்கி, ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் குடும்பத்தோடு சைக்கிள் ஓட்டுகிறோம். 2024 ஜூனில் அந்த நிலையம் திறந்த பிறகுதான் இது எங்களுக்குக் கைகூடியது. மனைவியும் இரு பிள்ளைகளும் பூங்காவிலேயே வாடகை சைக்கிள் எடுத்துக்கொள்வதால், நால்வருக்குமான உணவையும் பானத்தையும் சுமப்பது என் பொறுப்பு.

சென்ற வாரம் ஒன்றரை லிட்டர் எலுமிச்சைச் சாற்றையும் சாம்பார் சாத டப்பாவையும் துணிப்பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தேன். ஒரு வளைவில் பை ஆடி முன்சக்கரத்தில் உரசியது. நிறுத்திப் பார்த்தபோது, பையின் அடியில் டயர் தேய்த்த கறுப்புக் கோடும் அதன் நடுவே விரல் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசலும் இருந்தன. சாம்பார் டப்பாவின் விளிம்பு வழியே கசிந்திருந்தது, சாறும் வெதுவெதுப்பாகிவிட்டது. முதுகுப்பையில் சுமந்தால் தோள் வலிக்கிறது, முதுகும் நனைந்துவிடுகிறது. இதற்குச் சரியான ஏற்பாடு என்னவென்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: சிறுசக்கரம்

நண்பருக்கு வணக்கம். அந்தக் கிழிசலைச் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொங்கும் பையின் நுனி முன்சக்கரக் கம்பிகளுக்குள் மாட்டிக்கொண்டால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கி எறியப்படலாம். சக்கரம் சிறியதாக இருப்பதால் மடக்கு சைக்கிள் சிறு அசைவுக்கும் சட்டென்று திரும்பிவிடும். ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டும் நீளமானது, அதன் அடியில் கீல் வேறு இருக்கிறது. அங்கே மூன்று கிலோ ஊசலாடினால் ஒவ்வொரு மேட்டிலும் அந்தக் கீல்தான் அடி வாங்கும்.

எனவே எடையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து ஃபிரேமில் ஏற்றுங்கள். ஹேண்டில்பார் தண்டு இறங்கும் முன்குழாய் ஃபிரேமின் ஒரு பகுதி. நீங்கள் எந்தப் பக்கம் திருப்பினாலும் அது திரும்பாது. பிராம்ப்டன் என்ற மடக்கு சைக்கிள்களில் இந்தக் குழாயில்தான் பை மாட்டும் தாங்கியான ஒரு பிளாக்கைத் திருகி அதில் பையைச் சொருகுகிறார்கள். அதில் 10 கிலோ வரை ஏற்றலாம். 20 அங்குல வண்டிகள் பலவற்றிலும் அதே இடத்தில் திருகாணித் துளைகள் இருக்கும். உங்கள் வண்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஹேண்டில்பார் திரும்பும்போது பை நேராகவே நிற்பது முதல் நாள் கண்ணுக்கு உறுத்தலாக இருந்தாலும் விரைவில் பழகிவிடும்.

ரயிலுக்கும் இதுவே பொருத்தம். மடித்த சைக்கிள் 120 x 70 x 40 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பது விதி என்பதால், பையை எப்படியும் கழற்றத்தான் வேண்டியிருக்கும். ஒரு கையில் சைக்கிள் இருக்கும்போது மறு கையால் கழற்றித் தோளில் மாட்டிக்கொள்ளக்கூடிய ஒரே பையாக வாங்குங்கள். இரண்டு பைகள் இருந்தால் மின்படியில் திண்டாடிப்போவீர்கள்.

பதில்: பாசிர் ரிஸ் அக்கா

தம்பி, பையைப் பற்றி அவர் சொல்லிவிட்டார். நான் பைக்குள் இருப்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

சாற்றை முதல் நாள் இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஒரு லிட்டர் பானத்தை 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறக்க 300 கிராமுக்கு மேல் ஐஸ் உருக வேண்டும். அறைச்சூட்டில் இருக்கும் சாற்றை ஐஸோடு வைத்தால், நீங்கள் உட்லண்ட்ஸைத் தாண்டுவதற்குள் ஐஸின் பலம் தீர்ந்துவிடும். ஏற்கெனவே குளிர்ந்த சாறாக இருந்தால், வெளியிலிருந்து வரும் வெப்பத்தைத் தடுப்பது மட்டுமே ஐஸின் வேலை.

நான் தனியாக ஐஸ் பைகள் கொண்டுபோவதில்லை, ஏனென்றால் உருகிய பிறகு அவை வெறும் சுமைதான். அரை லிட்டர் போத்தல்கள் இரண்டில் குடிநீரை முக்கால் அளவுக்கு ஊற்றி உறையவைத்துவிடுவேன். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும் என்பதால் கழுத்துவரை நிரப்பக் கூடாது. போகும்போது அவைதான் ஐஸ், திரும்பும்போது அவையே குடிநீர். குளிர்ந்த காற்று கீழே இறங்கும் இயல்புடையது, ஆகவே அவற்றைப் பானங்களுக்கு மேலே வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் உறைந்த போத்தலின் மேல் பத்தே நிமிடத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டத் தொடங்கிவிடும். ஒரு சிறு துண்டால் சுற்றிவிட்டால் டப்பாக்கள் நனையாது. இடைவெளிகளில் திராட்சையையோ வெள்ளரித் துண்டுகளையோ நிரப்புங்கள். பையில் காற்றுக்கு இடமில்லாவிட்டால் குளிரும் தங்கும், குலுக்கலும் குறையும்.

சோடா வகைகள் வேண்டாம். சின்னச் சக்கரம் கொடுக்கும் அதிர்வில் திறந்தவுடன் பொங்கிவிடும். அவற்றைப் பிளாஸ்கில் ஊற்றி மூடவும் கூடாது, உள்ளே அழுத்தம் ஏறிவிடும். நீர்மோரும் எலுமிச்சைச் சாறும் எந்தத் தொல்லையும் தராது.

குழம்பு கலந்த சாதத்தை விட்டுவிட்டு, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடி தடவிய இட்டிலியோ புளியோதரையோ கட்டுங்கள். தேங்காய்ச் சட்னியை வெயிலில் எடுத்துப்போகாதீர்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும், காலைச் சமையலை மதியத்தில் சாப்பிடும்போது உணவு அந்த இடைவெளியிலேயே இருக்கிறது. எனவே சமைத்து 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். சூடான டப்பாவைக் குளிர்ப்பைக்குள் வைப்பது இரண்டையும் கெடுத்துவிடும். இட்டிலியை நன்றாக ஆறவிட்ட பிறகே மூடுங்கள், இல்லாவிட்டால் மூடியில் வேர்த்து இட்டிலி நசநசத்துப்போகும்.

ரயிலில் பிள்ளைகள் தாகம் என்று கேட்டாலும் பையைத் திறக்காதீர்கள். எம்ஆர்டி ரயிலில் சாப்பிட்டாலோ குடித்தாலோ 500 வெள்ளி வரை அபராதம் உண்டு.

பதில்: பெடோக் ஓட்டுநர்

முன்குழாயில் துளை இல்லையென்றால் பின் கேரியர்தான் வழி. நான் நான்கு ஆண்டுகளாக அப்படித்தான் கொண்டுபோகிறேன். ஆனால் பக்கவாட்டில் தொங்கும் பைகளைத் தவிர்க்க வேண்டும். மடக்கு சைக்கிளின் பின்பகுதி குட்டையானது என்பதால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடிக்கும், பையும் தரையை ஒட்டித் தொங்கும். கேரியரின் மேலேயே வைத்து, கனமான போத்தல்களை அடியில் படுக்கையாக இட்டு, பட்டையின் நுனிகளை உள்ளே செருகிக் கட்டுங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. முன்குழாயில் மேலும் கீழுமாக இரண்டு துளைகள் இருப்பதை இன்றுதான் கவனித்தேன். ஆனால் பிரேக் கேபிள்கள் அவற்றுக்கு முன்னால் குறுக்கே போகின்றன. அப்படியே பிளாக்கைத் திருகிவிடலாமா?

சிறுசக்கரம்

கேபிள்கள் பிளாக்குக்கும் குழாய்க்கும் இடையில் நசுங்கக் கூடாது. அவற்றைப் பக்கவாட்டில் ஒதுக்கிய பிறகு திருகி, ஹேண்டில்பாரை இரு புறமும் முழுவதுமாகத் திருப்பிப் பாருங்கள். கேபிள் இழுபட்டால் வேறு வழியில் விட வேண்டும். பிறகு பிளாக்கோடு சேர்த்து வண்டியை ஒருமுறை மடித்துப் பாருங்கள். சில வண்டிகளில் மடங்கும் தண்டு பிளாக்கில் இடிக்கும். பை வாங்குவதற்கு முன்பே இதைச் சோதித்துவிடுவது நல்லது.