பட்டப்படிப்புக்கு இன்னும் மதிப்பு இருக்கிறதா?

கேள்வி (கடலூர் முதுநகர்):
பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய என் மகள் பி.எஸ்ஸி. வேதியியலில் சேர விரும்புகிறாள். பட்டம் பெற்ற அவளுடைய அண்ணன் ஜவுளிக்கடையில் பில் போடுவதைக் காட்டி, மூன்று ஆண்டுகள் வீண் என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்யலாம்?

பதில் 1:
சேர்த்துவிடுங்கள் ஐயா. தமிழக அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். குரூப் 2 தேர்வுக்கோ பட்டம் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது.

பதில் 2:
சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய 1929ஆம் ஆண்டுக் காலத்தில், பி.ஏ. என்பதை வீட்டு வாசல் பெயர்ப்பலகையிலேயே பெருமையுடன் எழுதிக்கொண்டார்கள். இன்று தெருவுக்குப் பலர் பட்டதாரிகளாக இருப்பதால் அந்தக் கௌரவம் குறைந்துவிட்டது உண்மைதான். ஆயினும், சிப்காட் (அரசுத் தொழிற்பேட்டை) தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வக வேலைக்கு வேதியியல் பட்டம் கேட்கிறார்கள். திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட் குழாயைப் பிடித்து, நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில் நிறுத்தத் தெரிந்த மாணவியின் பட்டத்துக்கு என் பார்வையில் மதிப்பு குறையவே இல்லை. எனவே ஆய்வகம் ஒழுங்காக இயங்கும் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஆய்வகத்தை நேரில் பார்த்த பிறகே விண்ணப்பிக்கிறோம்.