[கலைச்சொல்] ‘ரோல் அட்ரஸ்’ – தமிழில் என்ன?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

போஸ்ட்மாஸ்டர், வெப்மாஸ்டர், அப்யூஸ் (முறைகேட்டுப் புகார்) போன்று, ஆள் பெயரில் அல்லாமல் ஒரு வேலையின் பெயரில் அமைந்த மின்னஞ்சல் முகவரிகளை ‘ரோல் அட்ரஸ்’ என்கிறோம். நம் சொற்பட்டியலில் இதற்கு எதிரே வெற்றிடம்தான். ‘பங்கு முகவரி’ என்று நேராகப் பெயர்த்தால் பங்குச்சந்தைக்காரர் வீட்டு விலாசம் போல ஒலிக்கும். அகராதியைப் புரட்டுவதற்கு முன், இவ்வகை முகவரி அன்றாடப் புழக்கத்தில் இருந்த ஓர் இடத்தைப் பார்த்துவிடலாம்.

1970களின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகம்: கேம்பிரிட்ஜ், 545 டெக்னாலஜி ஸ்கொயர், ஒன்பதாம் தளத்தில் கணினி அறை. பிடிபி-10 கணினிகள், அவற்றில் ஐடிஎஸ் இயங்குதளம். கணினிகளுக்கு ஏஐ, எம்எல், எம்சி, டிஎம் என்று பெயர். வட்டில் இடமில்லை, அச்சுப்பொறியில் தாள் சிக்கிவிட்டது, புதுக் கணக்கு வேண்டும், லிஸ்ப் நிரல்மொழி தப்பான விடை தருகிறது என்ற ரகத்தில் வரும் அன்றாடச் செய்திகளை யாருக்கு அனுப்புவது? பயனர் பெயரோ ஆறெழுத்துக்கு மேல் போகாது. 36 பிட் கொண்ட ஒரு சொல்லில் 6 பிட் வீதம் ஆறு எழுத்துகள்தான் அடங்கும். ஆகவே ஆட்கள் ஆர்எம்எஸ், கேஎல்எச் என்று தலைப்பெழுத்துகளாகத்தான் தெரிவார்கள். அதைப் பார்த்து எவர் எந்த நிரலைக் கவனிக்கிறார் என்று புதியவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும், அந்த மாணவர் அடுத்த பருவத்தில் அங்கே இருப்பார் என்பதற்கும் உறுதியில்லை.

அதற்கான வழிதான் ‘பக்’ (வழு) கட்டளை. ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தியில் கோளாறு என்றால், முனையத்தில் ‘:பக் ஈமாக்ஸ்’ என்று அடித்து, கோளாறை எழுதி, கன்ட்ரோல்-சி அழுத்தினால் மடல் போய்விடும். பெறுநர் இடத்தில் ‘(பக் ஈமாக்ஸ்)’ என்றே இருக்கும். எழுதுபவர் எவர் பெயரையும் அறிந்திருக்க வேண்டியதில்லை.

‘பதவி முகவரி’, ‘பொறுப்பு முகவரி’, ‘பணி முகவரி’ என்ற மூன்றை முன்வைக்கிறேன். அடித்து நொறுக்குங்கள்.


மடல் 2

> ‘பதவி முகவரி’, ‘பொறுப்பு முகவரி’, ‘பணி முகவரி’

‘பதவி’தான் இயல்பு என்று முதலில் தோன்றும். நம் அரசு அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினால் பெறுநர் என்ற இடத்தில் ‘மாவட்ட ஆட்சியர் அவர்கள்’ என்றுதானே எழுதுகிறோம்? ஆட்சியர் மாறுதலாகிப் போனாலும் கடிதம் நாற்காலிக்குப் போய்ச் சேரும். ஆனால் பக்-ஈமாக்ஸுக்குப் பின்னால் நாற்காலியே இல்லை. ஈமாக்ஸின் வழுக்களைக் கவனிக்க எவரையும் பணியமர்த்தவில்லை. அதில் ஆர்வமுள்ளவர்கள் பட்டியலில் இருந்தார்கள். ‘பதவி’ என்றதும் படிநிலை வந்து ஒட்டிக்கொள்கிறது.

‘பொறுப்பு’ இன்னும் சிக்கல். தமிழக அலுவலக வழக்கில் பதவிக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ‘பொறுப்பு’ என்று போட்டால், அவர் நிரந்தரமாக அங்கே இல்லை, கூடுதலாகப் பார்த்துக்கொள்கிறார் என்று பொருள். ‘பொறுப்பு முகவரி’ என்றால் அசல் முகவரி வேறெங்கோ இருப்பதுபோல் படிக்கப்படும்.

‘பணி முகவரி’ வேண்டவே வேண்டாம். படிவங்களில் வீட்டு முகவரிக்கு அடுத்த வரி அது.


மடல் 3

சொல்லைத் தேடுவதற்கு முன், எதையெல்லாம் அந்தச் சொல் தாங்க வேண்டும் என்று வரையறுப்போம்.

ஐடிஎஸ்ஸில் மடலைக் கொண்டுசேர்த்தது காம்சாட். கென் ஹாரென்ஸ்டீன் எழுதிய பின்புல நிரல். பெயர் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளிலிருந்து வந்தது. ‘.மெயில்.’ அடைவில் ‘நேம்ஸ்’ என்றொரு கோப்பு. எந்தப் பெயருக்கு வரும் மடல் யார் யாருக்குப் போக வேண்டும் என்பது அதில் லிஸ்ப் பாணியில் அடைப்புக்குறிகளாக எழுதப்பட்டிருக்கும். திருத்திச் சேமிக்கும்போது பழைய பதிப்பு அழியாது, அடுத்த எண்ணோடு புதுப் பதிப்பு உருவாகும். ‘>’ குறி போட்டுத் திறந்தால் கடைசிப் பதிப்பு வரும். இந்த வசதி அவசியமாகவும் இருந்தது. இந்த மாதிரி வடிவத்தில் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால் அந்த வரி மட்டுமா கெடும்? அதற்குக் கீழே உள்ள பட்டியல்களும் அதற்குள் விழுங்கப்படும். உடனே முந்தைய எண்ணுக்குத் திரும்பலாம்.

இனிச் சோதனைகள்.

முதலாவது, பெறுபவர் ஒருவராகவும் இருக்கலாம், முப்பது பேராகவும் இருக்கலாம். எழுதுபவருக்கு வேறுபாடு தெரியக்கூடாது.

இரண்டாவது, பெறுவது மனிதராகவே இருக்கத் தேவையில்லை. நேம்ஸ் கோப்பில் ஆட்பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோப்பின் பெயரையும் போடலாம். வந்த மடலெல்லாம் அதில் சேரும். பழைய புகார்களைத் தேடிப் பார்க்க அந்தக் கோப்புதான் ஆவணக்காப்பகம். பிற்காலத்து மடல் நிரலான சென்ட்மெயிலில் பெயருக்கு எதிரே குழாய்க்குறி (|) போட்டு ஒரு நிரலுக்கே மடலைத் தள்ளலாம். ஆகவே ‘பொறுப்பாளர் முகவரி’ போன்ற உயர்திணைச் சொற்கள் இங்கேயே விழுகின்றன.

மூன்றாவது, அந்த வேலைக்கு எவருமே இல்லாவிட்டாலும் முகவரி செல்ல வேண்டும். பட்டியலே இல்லாத ஒரு நிரலின் பெயரில் ‘பக்’ அனுப்பினால் ஐடிஎஸ்ஸில் அது ‘பக்-ரேண்டம்-புரோகிராம்’ என்ற பொதுப் பட்டியலுக்குப் போகும். நாதியற்ற நிரல்களுக்கும் ஒரு கதவு. எனக்கு இந்த அமைப்பிலேயே மிகவும் பிடித்தது இதுதான். இன்றைய நிறுவனங்களில் பாதி முகவரிகள் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று திருப்பியடிக்கின்றன.

ஒரு வேறுபாட்டையும் சொற்பட்டியலில் காப்பாற்ற வேண்டும். ‘அலையஸ்’ என்பதற்கு ‘மாற்றுப்பெயர்’ என்று வைத்திருக்கிறோம், அது மடலைத் திருப்பிவிடும் கருவி. ‘மெயிலிங் லிஸ்ட்’ மடற்குழு, அது கூட்டம். இப்போது தேடுவது நோக்கம். ஒரே மாற்றுப்பெயர் மடற்குழுவாகவும் இருக்கலாம், ‘ரோல் அட்ரஸ்’ ஆகவும் இருக்கலாம். இன்ஃபோ-கோபால் என்ற பட்டியல் கோபால் மொழிக்கானது அல்ல, நகைச்சுவைக்கானது! அது கூட்டம் மட்டுமே. பக்-லிஸ்ப் இரண்டும்.


மடல் 4

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு.

> ‘பொறுப்பு’ என்று போட்டால், அவர் நிரந்தரமாக அங்கே இல்லை

இங்கு அப்படியில்லை, ஐயா. தற்காலிகமாகப் பார்ப்பவரை ‘பதில் அதிபர்’, ‘பதில் பணிப்பாளர்’ என்போம். ‘பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி’ என்றால் அவர்தான் அந்த நிலையத்துக்கு முழு அதிகாரி. இரு கரையிலும் எதிரெதிர்ப் பொருள் தரும் சொல்லைத் தவிர்ப்பதே நல்லது.

சட்ட வழக்கில் ‘பதவிவழி உறுப்பினர்’ என்ற தொடர் உண்டு. ஆள் எவராயினும், அந்தப் பதவியில் இருப்பதாலேயே சபையில் உறுப்பினர். ‘பதவிவழி முகவரி’ என்று கொள்ளலாமே?


மடல் 5

‘வழி’ என்ற பின்னொட்டு சரியான இடத்தில் கிடைத்திருக்கிறது. ‘பதவி’யை மட்டும் எடுத்துவிட்டு, பணிவழி முகவரி. பதவிக்கு ஆள் வேண்டும். பணிக்கு வேண்டியதில்லை, கோப்பும் செய்யும் நிரலும் செய்யும். ‘பணி முகவரி’யில் இருந்த அலுவலகக் குழப்பமும் ‘வழி’ வந்ததும் போய்விடுகிறது.

எதிர்ச்சொல்லும் தேவை: ஆள்வழி முகவரி. ஸ்டான்ஃபோர்டு செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் லெஸ் எர்னஸ்ட் 1971-இல் எழுதிய ஃபிங்கர் நிரல் ஆளைத் தேடித்தரும்: யார் உள்ளே இருக்கிறார், எவ்வளவு நேரமாக விசைப்பலகையைத் தொடவில்லை, ‘பிளான்’ கோப்பில் என்ன எழுதி வைத்திருக்கிறார். எம்ஐடியில் இன்குவயர் என்ற தரவுத்தளம் முழுப்பெயர், அறை, தொலைபேசி ஆகியவற்றோடு மடலை எந்தக் கணினிக்குத் திருப்ப வேண்டும் என்பதையும் வைத்திருந்தது. இவை ஆள்வழி. ஆய்வக நிர்வாகத்துக்கு இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்று கெட்டால் மற்றதும் கெடும். ஒருவர் ஆய்வகத்தை விட்டுப் போகும்போது கணக்கை மட்டும் நீக்கிவிட்டு, அவர் பெயர் இருக்கும் பணிவழிப் பட்டியல்களைத் திருத்த மறந்தால், அடுத்த மடலிலிருந்து பிழைச் செய்தி வரத் தொடங்கும். கணக்கை நீக்குமுன் பட்டியல் கோப்பில் அப்பெயரைத் தேட வேண்டும் என்பதே சரியான வரிசை.

அந்தப் பிழைச் செய்தி எங்கே போகிறது என்பதில்தான் உண்மையான ஆபத்து. பட்டியல் முகவரிக்கே திரும்பினால், அது முப்பது பேருக்கும் போய், கெட்ட முகவரிக்கும் போய், இன்னொரு பிழையைக் கிளப்பும். 1982-இல் வந்த மின்னஞ்சல் நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 821, பிழை அறிவிப்பின் அனுப்புநர் இடத்தை வெற்றாக விடச் சொன்னது. வெற்று அனுப்புநருக்குப் பிழை அனுப்ப வழியில்லை. சென்ட்மெயிலில் பட்டியல் பெயருக்கு முன்னால் ‘ஓனர்-’ சேர்த்து இன்னொரு மாற்றுப்பெயரை எழுதிவிட்டால் பிழைகள் பட்டியலின் உரிமையாளருக்கு மட்டும் போகும். (மாற்றுப்பெயர்க் கோப்பைத் திருத்தியபின் ‘நியூஅலையசஸ்’ இயக்காவிட்டால் பழைய தரவுத்தளமே புழக்கத்தில் இருக்கும். ‘மாற்றினேன், வேலை செய்யவில்லை’ என்று வரும் புகாருக்கு முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.)

பல கணினி உள்ள ஆய்வகத்தில் சுழலும் உண்டு. ஒரு கணினியின் பட்டியல் இன்னொன்றைக் காட்ட, அங்குள்ள பட்டியல் முதல் கணினியையே திரும்பக் காட்டினால் மடல் பந்தாடப்படும். ஒவ்வொரு பணிவழிப் பெயருக்கும் தாய்ப் பட்டியல் ஒரே கணினியில் இருக்க வேண்டும். மற்றவை அதை மட்டும் சுட்ட வேண்டும்.


மடல் 6

> பணிவழி முகவரி

ஒரு தடை. ‘மின்னஞ்சல்வழி’, ‘இணையவழி’ என்பதில் ‘வழி’ ஊடகத்தைக் குறிக்கிறதே? ‘பணிவழி முகவரி’யை ‘பணியின் மூலமாக’ என்று படிக்க மாட்டார்களா?

இன்னொன்று: ‘-ரிக்வெஸ்ட்’ முகவரியையும் இதே பெயரில் அடக்குவதா? எஸ்எஃப்-லவர்ஸ் என்ற அறிவியல் புனைகதை ரசிகர் பட்டியலில் சேர வேண்டுமானால் பட்டியலுக்கு எழுதக்கூடாது, எஸ்எஃப்-லவர்ஸ்-ரிக்வெஸ்ட் முகவரிக்கு எழுத வேண்டும். அது பராமரிப்பவருக்கு மட்டும் போகும். இந்த வேறுபாடு தெரியாதவர் ‘என்னை நீக்குங்கள்’ என்று எல்லோருக்கும் எழுதுவார். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் எழுதுவார்கள்.


மடல் 7

‘பணியின் மூலமாக ஆளை அடைதல்’ என்று படித்தால் தவறே இல்லை, அதுதானே இங்கு நடக்கிறது. தடையாகத் தெரியவில்லை.

‘-ரிக்வெஸ்ட்’டும் பணிவழி முகவரியில் ஒரு வகைதான். 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2142 போஸ்ட்மாஸ்டர், அப்யூஸ், நாக் (வலையமைப்பு இயக்க மையம்), வெப்மாஸ்டர் ஆகியவற்றோடு ‘-ரிக்வெஸ்ட்’டையும் ஒரே ஆவணத்தில் வைக்கிறது. அதைத் தனியாகச் சொல்ல ‘பட்டியல் நிர்வாக முகவரி’ போதும், புதுச்சொல் வேண்டாம். அது எல்லா அமைப்புக்கும் பொது என்றும் எழுத வேண்டாம். ஜெராக்ஸ் நிறுவனத்தின் கிரேப்வைன் மடல் அமைப்பில் ஒவ்வொரு குழுவுக்கும் உரிமையாளர், நண்பர் என்று இரு பட்டியல்கள் இருந்தன. நண்பர் பட்டியலில் உள்ளவர் தம்மைத் தாமே குழுவில் சேர்த்துக்கொள்ளலாம், விலக்கிக்கொள்ளலாம். எவருக்கும் எழுதத் தேவையில்லை.

பதிவுக்கு:

பணிவழி முகவரி (பெ.) – குறிப்பிட்ட ஆளுக்கன்றி ஒரு வேலைக்கோ பொருளுக்கோ உரிய மின்னஞ்சல் முகவரி. பெறுவோர் ஒருவர், பலர், கோப்பு, நிரல் எதுவாகவும் இருக்கலாம். பெறுவோர் மாறினாலும் முகவரி மாறாது. எ-டு: போஸ்ட்மாஸ்டர் (ஆர்எஃப்சி 822, 1982: மடல் பெறும் ஒவ்வொரு தளத்திலும் கட்டாயம், பெரிய எழுத்து, சிறிய எழுத்து எப்படி எழுதினாலும் ஏற்கப்பட வேண்டும்). எதிர்: ஆள்வழி முகவரி. ஒப்பு நோக்குக: மாற்றுப்பெயர், மடற்குழு.

‘போஸ்ட்மாஸ்டர்’ என்பதை ‘அஞ்சல் அதிபர்’ என்று மொழிபெயர்த்து முகவரியிலேயே போட்டுவிட வேண்டாம். அது நெறிமுறை தேடும் எழுத்துச் சரம். விளக்கத்தில் மட்டும் தமிழ்ப்படுத்துங்கள்.